உள்ளறை எலிகள்

றெஜினா சவுந்தரநாயகத்தின் அடையாள அட்டையில் பிறந்த இடம் கொழும்பு. அவளுடைய தம்பி றொபேட்டின் அட்டையில் மன்னார். இருவரும் கொட்டாஞ்சேனையில் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். றொபேட் வயிற்றில் இருந்தபோது தாய் றோஸி மன்னார்ப் பக்கத்து மடு மாதா கோவில் திருவிழாவுக்குப் புறப்பட்டாள். வேண்டாம் என்று கணவர் சொன்னார். நேர்த்தி என்றாள் அவள். பிள்ளை முந்திக்கொண்டது. மன்னார் ஆஸ்பத்திரியில் பெற்று, பத்தியம் முடித்து, ரயிலில் கொண்டுவந்தாள். அதற்குப் பிறகு றொபேட் மன்னாரை எட்டியும் பார்க்கவில்லை. ஆனால் யுத்த வருடங்களில் கொழும்பில் எங்கே எது வெடித்தாலும், மறுநாள் சந்திச் சோதனையில் அட்டையை நீட்டும்போது அவன் மன்னார்க்காரன், வடக்கிலிருந்து வந்தவன்.

தகப்பன் துறைமுகத்தில் கிளாக்காக இருந்தவர். சிறுநீரகம் பழுதாகி, கால்கள் வீங்கி, றெஜினா உயர்தரப் பரீட்சை எழுதிய வருடம் இறந்தார். “சில பேருக்கு வரும்” என்றார்கள் டொக்டர்கள். எந்தச் சில பேருக்கு, ஏன் என்று அவள் கேட்டாள். பதில் வரவில்லை. அவள் கோபப்படவில்லை. உயிரியல் படித்தாள்.

படித்து முடித்தபின் கிருலப்பனையில் ஒரு பழைய பங்களாவில் இயங்கிய சிறிய ஆய்வு நிலையத்தில் வேலை கிடைத்தது. பொறுப்பாளர் பேராசிரியர் நாகேந்திரம். யாழ்ப்பாணத்தவர், வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் குடியிருந்தார். எலிகளைப் பராமரிக்க மஷூர் இருந்தார்; நானா, அதாவது அண்ணன், என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். வீட்டிலிருந்து பஸ் மாறிப் போய்வர றெஜினாவுக்கு ஒரு நாளில் பாதி போய்விடும். வழியில் எத்தனை இடத்தில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, மறுபடி ஏற வேண்டும் என்பது அன்றைய செய்தியைப் பொறுத்தது. அவள் அதைப் பற்றி முறைப்பட்டு யாரும் கேட்டதில்லை. பஸ்ஸில் வாசிப்பாள். இறங்கச் சொன்னால் விரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்குவாள்.

இரண்டாயிரமாம் ஆண்டில் கனடாவிலிருந்து எலிகள் வந்தன.

உடலுக்குள் ஒரு மரபணு என்ன செய்கிறது என்பதை நேரே பார்த்து அறிய முடியாது. அதைக் குலைத்துவிட்டு எது கெடுகிறது என்று பார்க்க வேண்டும். அப்படி ஒரேயொரு மரபணுவைச் செயலிழக்கச் செய்து பிறப்பித்த எலிகளை நொக்கவுட் எலிகள் என்பார்கள். இவற்றில் குலைக்கப்பட்டிருந்த மரபணுவுக்குச் சிறுநீரக நோயோடு தொடர்பு இருக்கலாம் என்று ஒரு சந்தேகம். கனடாவில் அந்தச் சந்தேகத்தைத் தொடர ஆளில்லை. நாகேந்திரம் கேட்டார், சில சோடிகள் கிடைத்தன.

விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். வெள்ளை எலிகள் மூக்கை நீட்டின. “எங்கட நாட்டில எலி இல்லையா, மிஸ்?” என்று சிங்களத்தில் கேட்டார்.

“இருக்கு. இதுகளில ஒன்று குறைவு” என்று அவளும் சிங்களத்தில் சொன்னாள்.

அவர் திரும்ப எண்ணிப் பார்த்தார்.

நொக்கவுட் என்ற சொல் அவளுக்குப் பிடிக்கவில்லை. மரபணு குலைந்தவற்றை ‘இல்லாததுகள்’ என்றாள். அவற்றோடு கூடப் பிறந்து, மரபணு குலையாமல் இருந்தவை ‘உள்ளதுகள்’. பிறந்த குட்டிகளில் எது எது என்று பார்த்துத் தெரியாது. வால் நுனியில் ஒரு சிறு துண்டு வெட்டிச் சோதித்தால் தெரியும். சில மாதங்களில் நிலையத்தில் எல்லோரும் அவளுடைய சொற்களையே பாவித்தார்கள்.

கூடுகளை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. வீதியைப் பார்த்து ஒரு முன்னறை. பெரிய கண்ணாடி ஜன்னல்கள். அதற்குப் பின்னால், ஒரு கதவு தள்ளி, முன்பு சாமான் அறையாக இருந்த சிறிய உள்ளறை, ஜன்னல் இல்லை. றெஜினா உள்ளறை என்றாள்.

அவளுக்குக் காரணம் இருந்தது. தொண்ணூற்றாறு தை மாதத்தில் கோட்டையில் குண்டு வெடித்தபோது கொட்டாஞ்சேனை வீட்டின் ஜன்னல் கண்ணாடி முழுவதும் றோஸியின் கட்டிலில் விழுந்தது. றோஸி அப்போது குசினியில் சமைத்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கே றொபேட்டும் றெஜினாவும் கட்டிலைத் தூக்கி வீட்டு நடைவழியில், இரண்டு அறைக்கும் இடையில் போட்டார்கள். அது அங்கேயே கிடந்தது. கொழும்பில் பல வீடுகளில் கட்டில்கள் அப்படித்தான் இடம் மாறியிருந்தன. கண்ணாடி சிதறாமல் இருக்கக் கபில நிற ரேப்பைக் குறுக்கும் மறுக்கும் ஒட்டுவார்கள். பெறுமதியான எதையும் ஜன்னலோரம் வைக்கமாட்டார்கள்.

யாரும் மறுக்கவில்லை. நாகேந்திரம் “நல்ல யோசனை” என்றார். மஷூர் கூடுகளை ஒவ்வொன்றாக மார்போடு அணைத்து உள்ளே கொண்டுபோனார்.

எலிகள் பெருகின. உள்ளறை போதவில்லை. உள்ளதுகளை முன்னறைக்கு மாற்றினார்கள். அவற்றுக்கு ஏதும் நடந்தால் வேறு எலிகள் தேடலாம். இல்லாததுகளுக்கு ஏதும் நடந்தால் வேறு இல்லை.

அடுத்த ஆண்டு ஆடியில் விமான நிலையம் தாக்கப்பட்டது. இனிக் கனடாவிலிருந்து எலி வராது என்பது உறுதியாயிற்று. அதே காலத்தில் மழையும் பொய்த்து மின்வெட்டு தொடங்கியது. காற்று வாங்க ஜன்னல் இல்லாத உள்ளறையில் விசிறி நின்றால் எலிகள் மூச்சு முட்டிச் செத்துப்போகும். நாகேந்திரம் எங்கெங்கோ அலைந்து ஒரு ஜெனரேற்றர் வாங்கினார். மழையும் படாமல் கள்ளனும் எடுக்காமல் இருக்க அதைப் பின்பக்கத் தாழ்வாரத்தில், உள்ளறைச் சுவரோடு சேர்த்து வைத்தார்கள்.

மின்சாரம் போனதும் நிலையம் வெளியே வந்துவிடும். ஆய்வறையில் வேலை நடக்காது; ஜெனரேற்றர் விசிறிக்கும் குளிர்பெட்டிக்கும் மட்டுந்தான். மஷூர் கயிற்றை இழுத்து அதை இயக்கிவிட்டு வருவார். முற்றத்து ஜம்பு மரத்தின் கீழ் வாங்கு போட்டிருந்தது. பால் விடாத பிளேன்ரி வரும். மின்சாரம் வரும் வரை அங்கேதான். யாரும் இதை ஒழுங்கு என்று வகுக்கவில்லை. அப்படியே பழகிவிட்டது.

இல்லாததுகளோடு இல்லாததுகளைச் சேர்த்து இனம்பெருக்கத் தொடங்கியது அந்த மாதங்களில்தான். குட்டி ஈன்றன. ஈன்ற சில நாட்களில் குட்டிகளைக் கைவிட்டன, சில தின்றுவிட்டன. காலையில் கூட்டைத் திறந்தால் மரத்தூளில் ஒரு சிவந்த துண்டு கிடக்கும். முன்னறையில் உள்ளதுகள் குட்டிகளை வயிற்றின் கீழ் அணைத்துப் பாலூட்டிக்கொண்டிருந்தன.

ஒரு முறை, இரு முறை அல்ல. திரும்பத் திரும்ப அப்படியே.

நாகேந்திரம் முதலில் நம்பவில்லை. பிறகு இரவெல்லாம் யோசித்தவர்போல் வந்தார். “பிள்ளை, நாங்கள் சிறுநீரகத்தைத் தேடப்போய் வேற ஒண்டைக் கண்டிட்டம். இந்த மரபணு இல்லாட்டில் தாய்மைக் குணம் போகுது. இதை ஒருத்தரும் சொல்லேல்லை.”

கனடாவுக்கு எழுதினார்கள். அங்கிருந்த பேராசிரியை உடனே பதில் போட்டார். வசந்த காலத்தில் ஒரு மாநாடு. றெஜினா வந்து இதைச் சமர்ப்பிக்க வேண்டும். அப்படியே கலாநிதிப் படிப்புக்குத் தன்னிடம் ஓர் இடம் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை றோஸி கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போய்வந்தாள். “கண் திறந்திட்டார்” என்றாள். “நீ முதல்ல போ மகள். ஒராள் போனா மற்றாளுக்குக் கதவு திறக்கும்.”

மற்றாள் றொபேட். மட்டக்குளியில் ஒரு கராஜில் மெக்கானிக். வேலைக்குப் போகும்போது சோதனையில் பிடிபடுவான், வரும்போது பிடிபடுவான். முதலாளி நல்ல மனுசன் என்றபடியால் வேலை நிலைத்தது. “அக்கா, எலி தன்ர பிள்ளையைத் தின்னுது. நீ அதை வச்சுக் கனடா போறாய். நல்ல உலகம்” என்றான். ஆனால் ரொறொன்ரோவில் குளிர் எவ்வளவு என்று கேட்டு வைத்திருந்தான்.

ஜம்பு மரத்தின் கீழ் மஷூர் கேட்டார்: “மிஸ் போனா, இந்த எலிகளுக்கு யாரு உம்மா?”

“நீங்கதான் நானா.”

“எனக்கு வீட்டிலேயே அஞ்சு புள்ள ஈக்குது மிஸ். அதுகளே என்னயத் தின்னுது.”

ஐப்பசியில் ஒரு விடியற்காலை பொலிஸார் கொட்டாஞ்சேனையைச் சுற்றிவளைத்தார்கள். ஆண்களை மைதானத்தில் நிறுத்தி, அட்டைகளைப் பார்த்து, சிலரை ஏற்றிக்கொண்டு போனார்கள். றொபேட்டும் அதில். றெஜினா பொலிஸ் வாசலில் மற்றப் பெண்களோடு நின்றாள். உள்ளே போக விட்டபோது, அவன் கொழும்பிலேயே படித்ததற்குப் பாடசாலைச் சான்றிதழ், கராஜ் முதலாளியின் கடிதம் எல்லாம் காட்டினாள். இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். “அப்படியென்றால் ஏன் மன்னார் என்று இருக்கு?” என்று கேட்டார். அவள் மடுத் திருவிழாவைச் சொன்னாள். பின்னேரம் வந்து பார்க்கச் சொன்னார்.

வீட்டுக்குப் போனால் தாய் அழுவாள். வேலைக்குப் போனாள். நிலையத்தை அடைந்தபோது மின்சாரம் போயிருந்தது. ஜம்பு மரத்தடியில் எல்லோரும் இருப்பது தெரிந்தது. போனால் கேட்பார்கள், சொல்ல வேண்டும். அவள் பக்கத்துக் கதவால் நுழைந்து உள்ளறைக்குப் போய், ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக் கூடுகளின் நடுவில் இருந்தாள்.

மின்வெட்டு நேரத்தில் அந்த அறையில் அதுவரை யாரும் இருந்ததில்லை.

முதலில் சத்தம். சுவருக்கு அப்பால் ஜெனரேற்றர். பிறகு அதன் அதிர்வு முக்காலி வழியாக முதுகெலும்புக்கு வந்தது. கூடுகள் அடுக்கியிருந்த இரும்பு ராக்கையில் கையை வைத்தாள். விரல் கூசியது. கூடுகளின் மேல் கவிழ்த்து வைத்திருந்த தண்ணீர்ப் போத்தல்களைப் பார்த்தாள். எல்லாப் போத்தலிலும் தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்தது.

கண்முன்னால் இருந்த கூட்டில் ஒரு தாய் குட்டியை வாயில் கவ்வி ஒரு மூலைக்குக் கொண்டுபோனது. வைத்தது. மறுபடி எடுத்து மற்ற மூலைக்குப் போனது. வைத்தது. எடுத்தது. எல்லா மூலைகளும் நடுங்கின. போக வேறு இடம் இல்லை.

மஷூர் விசிறியைப் பார்க்க வந்தார். “என்ன மிஸ், இருட்டுக்குள்ள? வெளிய வாங்க. கொட்டாஞ்சேனையச் சுத்திவளைச்சது எண்டு ரேடியோவில சொன்னாங்க, தம்பியாருக்கு ஏதும்...”

“நானா, இதில கையை வையுங்கோ.”

வைத்தார். எடுத்தார். திரும்ப வைத்தார்.

“முன்னறையில இப்பிடி இருக்குதா?”

மஷூர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “அங்க ஒண்டும் இல்ல மிஸ். அங்க சும்மா ஈக்குது.”

ஒப்பிடும் இரண்டு கூட்டத்தையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டும் என்பது பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயம். அவளுக்கும் நாகேந்திரத்துக்கும் தெரியாததல்ல. ஒரு கதவுக்கு இருபுறமும் இரண்டு இடம் என்று அவர்கள் நினைக்கவில்லை. அவர்கள் பார்த்தது ஜன்னலை.

நாகேந்திரம் அவள் சொன்னதை முழுதும் கேட்டார். “ஒரு மெசின் இரைஞ்சதுக்காக ஒரு தாய் பிள்ளையைத் தின்னுமோ?”

“தெரியாது சேர். மாத்தி வச்சுப் பாத்தால் தெரியும். உள்ளதுகளில பாதியை உள்ளே. இல்லாததுகளில பாதியை வெளியே.”

“மாநாடு முடியட்டும் பிள்ளை. பிறகு மாத்துவம்.”

“அங்க போய் நான் என்ன சொல்ல?”

“கண்டதைச் சொல்லும். நீர் காணாததை ஏன் சொல்ல வேணும்?”

“தண்ணி ஆடினதைக் கண்டிட்டன் சேர்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “உமக்கு விளங்குதோ? நீர் போனால் திரும்பி வரத் தேவையில்லை. உம்மட தம்பி இப்ப எங்க இருக்கிறான் எண்டு யோசிச்சனீரோ?”

“அங்கயிருந்துதான் வாறன்.”

அவர் அதற்குப் பிறகு வாதாடவில்லை. பென்சனுக்கு அவருக்கு அதிக காலம் இல்லை. அவர் பெயரில் பெரிதாய் ஒன்றும் இல்லை, இதுதான் இருந்திருக்கும். ஜன்னலடியில் போய் நின்றார். ரேப் ஒட்டிய கண்ணாடிக்கூடாக வீதியைப் பார்த்தார். “செய்யும்” என்றார்.

பின்னேரம் றொபேட்டை விட்டார்கள். பஸ்ஸில் அவள் பக்கத்தில் இருந்துகொண்டு முதலில் பசி என்றான். வடை வாங்கிக் கொடுத்தாள். அதைத் தின்னும்போது அவள் சொன்னாள். அவன் மென்றபடியே கேட்டான்.

“அப்ப கனடா?”

“இப்ப சொல்லேலாது. முடிவு பிழையெண்டால் இல்லை.”

“நீ சொல்லாட்டில் அந்தப் பொம்பிளைக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“மஷூர் நானா சொல்லுவாரா?”

“மாட்டார்.”

அவன் கடதாசியைக் கசக்கினான். “நீ ஒரு விசரி” என்றான். இரண்டு தரிப்பிடம் கழித்து, வெளியே பார்த்தபடி, “உன்ர எலியளும் என்னை மாதிரித்தான். எந்த ரூமில வச்சுப் பாக்கிறாங்களோ அந்த ரூம்தான் குற்றம்” என்றான். பிறகு சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

எலிகளை மாற்றி வைத்தார்கள். உள்ளறைக்கு வந்த உள்ளதுகளும் முன்னறைக்குப் போன இல்லாததுகளும் சினையாக இருந்தன. எலிக்குக் கர்ப்பம் மூன்று வாரந்தான். ஆனால் அந்த மூன்று வாரத்தில் கனடாவிலிருந்து விசாவுக்கான கடிதமும் வந்து சேர்ந்தது. றோஸி அதை மாதா படத்துக்குக் கீழே வைத்தாள். றெஜினா எடுக்கவில்லை. தாய்க்கு ஒன்றும் சொல்லவுமில்லை. முடிவு தெரியாமல் எதற்கு என்றாள் தம்பியிடம். உண்மையில் அவள் தூங்கவில்லை என்பதை அவன் கண்டான்.

நாள் கிட்டியபோது கூடுகளை அவள் வேறு யாரையும் திறக்கவிடவில்லை. முதலில் உள்ளறை. மரபணு எதுவும் குலையாத, நல்ல, ஆரோக்கியமான தாய்கள். மரத்தூளில் குட்டிகள் சிதறிக் கிடந்தன. ஒன்று பாதியாக இருந்தது.

கதவைத் திறந்து முன்னறைக்குப் போனாள். வெயில் ஜன்னலால் விழுந்து ரேப்பின் நிழல் கூடுகளின் மேல் பெருக்கல் அடையாளமாகக் கிடந்தது. கிழித்த கடதாசியால் இல்லாதது ஒன்று கூடு கட்டியிருந்தது. அதன் வயிற்றின் கீழ் குட்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. சின்ன வயிறுகளில் பால் வெள்ளையாகத் தெரிந்தது. அடுத்த கூடும் அப்படியே. அதற்கடுத்ததும்.

அவை நல்ல தாய்கள். அவற்றைப் பற்றித்தான் தாய்மைக் குணம் இல்லை என்று அவள் எழுதியிருந்தாள்.

மஷூர் பின்னால் வந்து நின்றார். “எப்பிடி மிஸ், நல்லதா கெட்டதா?”

“நல்லாப் பால் குடுக்குதுகள் நானா” என்றாள்.

அன்று பின்னேரமே கனடாவுக்கு மின்னஞ்சல் எழுதினாள். ஜெனரேற்றர், உள்ளறை, மாற்றி வைத்தது, கண்டது எல்லாம் எழுதினாள். உள்ளறையைத் தெரிவு செய்தவள் தான் என்றும் எழுதினாள். ஏன் தெரிவு செய்தாள் என்பதை எழுதவில்லை. அங்குள்ளவர்களுக்கு அதை விளங்கப்படுத்த நீளமாகும்.

பேராசிரியை நன்றி சொல்லிப் பதில் போட்டார். மாநாட்டுக் கட்டுரை விலக்கிக்கொள்ளப்பட்டது. இடம் வேறொரு மாணவருக்குப் போயிற்று. அவரில் பிழை சொல்ல முடியாது. தாய்மை பற்றிய ஆய்வுக்குத்தான் அவரிடம் உதவித்தொகை இருந்தது. றோஸி அன்றைக்குச் சமைக்கவில்லை. அடுத்த செவ்வாய் வழக்கம்போல் கொச்சிக்கடைக்குப் போனாள்.

பல வருடங்களுக்குப் பின் றெஜினாவின் பெயரில் ஒரு கட்டுரை வெளிவந்தது. நாலு பக்கம். அந்த மரபணு இல்லாத எலிகளின் சிறுநீரகம் வயது போகப்போகப் புரதத்தைக் கசியவிடுகிறது என்பதை அது காட்டியது. அதிகம் பேர் வாசிக்கவில்லை. நாகேந்திரம் வெள்ளவத்தையில் தன் வீட்டு விறாந்தையில் இருந்து அதை வாசித்தார். தன் பெயரையும் போட்டிருந்தாள். எந்தெந்தக் கூடு எந்த அறையில், எந்தத் தட்டில் இருந்தது, மின்சாரம் எப்போது நின்றது என்று அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தாள். அந்த அரைப் பக்கத்தை அவர் இரண்டு முறை வாசித்தார்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்த மார்கழியில் அவளிடம் இருந்தது ஒரு தோற்றுப்போன முடிவும், தொடர்ந்து நடந்த மின்வெட்டும், எலிகளும்.

ஒரு சனிக்கிழமை றொபேட் கராஜிலிருந்து இரண்டு பேரையும் சங்கிலிக் கப்பியையும் கொண்டு கிருலப்பனைக்கு வந்தான். அவள் கேட்டிருக்கவில்லை. ஜெனரேற்றரைத் தூக்கி வளவின் கடைசி மூலையில், மதிலோரம் இறக்கினார்கள். கீழே பழைய ரயர்த் துண்டுகளைப் போட்டு, மேலே தகரம் அடித்து, கள்ளனுக்காகச் சங்கிலியும் பூட்டினார்கள். வயர் இழுக்கும்போது மஷூர் பிளேன்ரி கொண்டுவந்தார்.

“தம்பியும் கனடா போகல்ல எண்டு கேள்விப்பட்டேன்.”

“அங்க குளிராம் நானா.”

“அது சரி. இங்க நல்ல சூடு.”

மஷூர் கயிற்றை இழுத்துவிட்டு உள்ளே வந்தார். ஜெனரேற்றர் தூரத்தில் இரைந்தது. றெஜினா ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் எடுத்து உள்ளறை ராக்கையில் வைத்தாள். மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

தண்ணீர் அசையவில்லை.

“இவ்வளவுதானா?” என்றான் றொபேட். “இதுக்கா என்ர கனடா போனது?”

“ஓம்.”

அவன் கைகளை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு ஒரு கூட்டினுள் எட்டிப் பார்த்தான். தாய் எலி குட்டிகளின் மேல் படுத்திருந்தது; அவனைக் கண்டு எழும்பவில்லை. “இது எது, உள்ளதா இல்லாததா?”

“இல்லாதது.”

“பாத்தா ஒண்டும் தெரியேல்லை.”

“தெரியாது.”

“இனி என்ன செய்யப் போறாய்?”

அவள் அடுத்த கூட்டைத் திறந்து, பெரியதொரு எலியை வாலில் பிடித்துத் தூக்கி உள்ளங்கையில் விட்டாள். புதிய ஆட்களைக் கண்ட பயத்தில் அது அவள் கையை நனைத்தது. றொபேட் முகத்தைச் சுளித்துப் பின்வாங்கினான். அவள் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு குழாயை எடுத்து, கையைச் சாய்த்து, அந்தத் துளியை அதற்குள் விழுத்தினாள்.

“சிறுநீரகம்” என்றாள்.